முப்பத்தொரு பேரும் ஒரு பகா எண்ணும்

(1981–82 பிளஸ் ஒன் கணிதப் பிரிவு மாணவியர்)



ஆண்டு மலருக்குப் பழைய மாணவியர் சார்பில் ஏதேனும் எழுதித் தருமாறு சிஸ்டர் கேட்டபோது எங்களுள் ஒருத்தியும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் கணக்குப் பிரிவு. கட்டுரை என்றால் அந்தக் காலத்திலேயே எங்களுக்குத் தலைவலி வரும். ஆயினும் 2025 ஜனவரியில் எங்கள் வகுப்பு ஒன்றுகூடியபோது நடந்ததை எழுதாவிட்டால் மனம் ஆறாது என்று தோன்றியது. ஆளுக்குக் கொஞ்சம் சொல்ல, ஒருத்தி எழுத, இதை அனுப்புகிறோம்.

அதைச் சொல்ல 1981க்குப் போகவேண்டும். காரைக்குடி அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பிளஸ் டூ வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் வகுப்பில் 31 பேர்.

இந்த 31ஆல் அதிகம் துன்பப்பட்டவர் டிரில் டீச்சர்தான். இருவர் இருவராக நிற்கச் சொன்னால் ஒருத்தி மிஞ்சுவாள். மும்மூன்று பேராக நிறுத்தினால் பத்து வரிசை, ஒருத்தி மீதி. ஐந்தைந்தாக நிறுத்தினால் ஆறு வரிசை, மறுபடியும் ஒருத்தி மீதி. நான்கு நான்காக நிறுத்திப் பார்த்தபோது மூன்று பேர் மிஞ்சினார்கள். "உங்கள் வகுப்பில் ஒருத்தி கூடவோ குறையவோ வேண்டும்" என்று அவர் சலித்துக்கொள்வார். உயரப்படி நிற்பது வழக்கமாதலால், எப்போதும் கடைசியில் தனியாக நின்றவள் எங்களுள் மிக உயரமானவள். அவள் பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். 'உயரமானவள்' என்றே எழுதுகிறோம். கணக்கில் எங்களுக்கெல்லாம் முதல்வி.

டிரில் டீச்சரின் புலம்பலைக் கேட்ட எங்கள் கணக்கு டீச்சர் சிரித்துவிட்டு, "முப்பத்தொன்று பகா எண். அதை யாராலும் வரிசை பிரிக்க முடியாது" என்றார். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் என்பதை நீங்கள் ஆறாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். நாங்களும் படித்திருந்தோம். ஆனால் நாங்களே ஒரு பகா எண்ணாக வெயிலில் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்த ஆண்டு பள்ளியில் கண்காட்சி. விலங்கியல் பிரிவு தவளையை அறுத்துக் காட்டுவதென்றும், வேதியியலார் எரிமலை செய்வதென்றும் முடிவாயிற்று. கணக்குக்கு என்ன காட்டுவது? எங்கள் முகங்களைப் பார்த்த டீச்சர் ஒரு கை நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தார். முதல் பெண்ணுக்கு ஒன்று, இரண்டாமவளுக்கு இரண்டு, மூன்றாமவளுக்கு நான்கு, நான்காமவளுக்கு எட்டு என்று இரட்டித்துக் கொடுக்கத் தொடங்கினார். ஆறாமவளிடம் வரும்போதே கை காலியாகிவிட்டது. "இப்படியே முப்பத்தொரு பேருக்கும் கொடுத்தால் மொத்தம் எத்தனை?" என்று கேட்டார்.

மொத்தம் 2147483647. அதாவது 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. புளியங்கொட்டைக்குப் பதில் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அரிசி ஏறத்தாழ 20 கிராம் என்றால், இத்தனை அரிசி 43 டன் எடை வரும். எங்களுள் ஒருத்தியின் தந்தைக்கு மண்டி இருந்தது. அவர் அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அரிசிக்கு உங்கள் டீச்சர் லாரி பிடிப்பாரா?" என்று கேட்டாராம்.

"இந்த எண்ணும் உங்களைப்போலவே பகா எண்" என்றார் டீச்சர். அதை நாமே மெய்ப்பித்துக் காட்டுவதுதான் கண்காட்சிக்கு நம் பங்கு என்றும் சொன்னார்.

எங்களுக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. ஒருத்தி எழுந்து, 2இன் 3ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 7, ஐந்தாம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 31, ஏழாம் அடுக்கில் குறைத்தால் 127, எல்லாமே பகா எண்கள், ஆகவே பகா எண்ணை அடுக்காக வைத்தால் வருவதும் பகா எண்ணே என்று முழங்கினாள். கைதட்டினோம். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் பலகையில் 2047 என்று எழுதினார். அது 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 11 பகா எண். ஆனால் 2047 என்பது 23 × 89. முழங்கியவள் உட்கார்ந்தாள்.

இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் என்பவர் பிரான்சு நாட்டுத் துறவி, 1588 முதல் 1648 வரை வாழ்ந்தவர். அவர் துறவி என்று தெரிந்ததும் எங்கள் சிஸ்டருக்கு அந்த எண்கள்மீது தனிப் பாசம் வந்துவிட்டது. மெர்சென் 1644இல், 257 வரையில் எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 31 இருந்தது, சரிதான். ஆனால் 67ஐயும் 257ஐயும் தவறாகச் சேர்த்துவிட்டார். 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார். 67ஆம் அடுக்கில் வரும் எண்ணை 1903இல் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இரண்டாகப் பிரித்தார்: 193707721 × 761838257287. பெரியவர் ஒருவர் எழுதிவிட்டார் என்பதற்காக எண் பகா எண் ஆகிவிடாது என்று டீச்சர் சொன்னபோது சிஸ்டர் சற்றே முகம் வாடினார்.

சரி, 2147483647ஐ எப்படிச் சோதிப்பது? அதன் வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். அவை நான்காயிரத்துக்கும் மேல். பள்ளி முழுவதும் உட்கார்ந்தாலும் கண்காட்சிக்குள் முடியாது. இங்கேதான் ஆய்லர் வருகிறார். அவர் இந்த எண்ணைப் பகா எண் என்று காட்டிய செய்தி 1772இல் வெளிவந்தது. அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முற்றிலும் போயிருந்தது. கண்ணுள்ள நாங்கள் முப்பத்தொரு பேர் பயந்துகொண்டிருந்தோம்.

ஆய்லர் செய்த சிக்கனம் இது. 2ஐ இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 7ஐ எடுத்தால் 1, 2, 4, மறுபடியும் 1, 2, 4 என்று மீதிகள் கும்மி அடிப்பதுபோல் சுற்றி வரும். இங்கே சுற்றின் நீளம் 3. அந்த நீளம், எடுத்த பகா எண்ணில் ஒன்று குறைந்ததை எப்போதும் மீதியின்றி வகுக்கும் என்று 1640இலேயே ஃபெர்மா சொல்லிவிட்டார். 7இல் ஒன்று குறைந்தால் 6, அதை 3 வகுக்கிறது. இனி ஏதோ ஒரு பகா எண் நம் பெரிய எண்ணை வகுக்கிறது என்று வைப்போம். அப்படியானால் 31 அடி வைத்ததும் மீதி 1க்குத் திரும்பியிருக்கவேண்டும். 31 பகா எண் ஆதலால் அதற்குள் சிறு சுற்று எதுவும் இருக்க இயலாது. சுற்றின் நீளம் சரியாக 31. ஆகவே அந்த வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறைத்தால் 31ஆல் வகுபடும். ஒற்றைப்படையில் ஒன்று குறைந்தால் இரட்டைப்படை ஆகையால் 62ஆலும் வகுபடும். முன்பு கண்ட 2047ஐப் பாருங்கள். அங்கே அடுக்கு 11. அதன் காரணிகள் 23, 89. ஒன்று குறைத்தால் 22, 88. இரண்டும் 22இன் மடங்குகள்! இதைக் கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமன்று.

இதற்குமேல் இன்னொரு நிபந்தனையும் உண்டு. வகுக்கும் எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரவேண்டும். அதற்கு டீச்சர் சொன்ன காரணம் எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையை ஆட்டியதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். இரண்டையும் சேர்த்தால், 248இன் மடங்கோடு 1 அல்லது 63 சேர்ந்த எண்களை மட்டும் சோதித்தால் போதும். 249, 311, 497, 559 என்று தொடங்கி 46129, 46191 என்று முடியும் அந்தப் பட்டியலில் இருப்பவை 372 எண்கள்.

முப்பத்தொரு பேருக்கு 372. ஆளுக்குச் சரியாகப் பன்னிரண்டு, மீதி இல்லை! எங்களை வரிசையில் நிறுத்த முடியாத டிரில் டீச்சரைக் கூப்பிட்டு இதைக் காட்டினோம்.

வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பங்கு போட்டார் டீச்சர். 3ஆலும் 5ஆலும் வகுபடும் எண்களை அடித்துவிடலாம், மற்றவற்றால் வகுத்தே ஆகவேண்டும் என்பது விதி. முதல் பெயர்க்காரி அதிர்ஷ்டசாலி, மூன்று நான்கு இலக்க எண்களே அவளுக்கு வந்தன. 311ஆல் வகுத்தவுடன் மீதி 35 என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் ஐந்து இலக்கம். ஐந்து இலக்க எண்ணால் பத்து இலக்க எண்ணை வகுப்பதென்றால் நோட்டில் அரைப் பக்கம் போகும். மின்சாரம் போன இரவுகளில் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு வகுத்தோம். ஒருத்திக்கு மீதி பூஜ்ஜியமே வந்துவிட்டது. ஆய்லரைத் தோற்கடித்துவிட்டோம் என்று இரவு முழுதும் தூங்காமல் இருந்து காலையில் ஓடிவந்தாள். ஓர் இடத்தில் கடன் வாங்க மறந்திருந்தாள்.

தப்பைக் கண்டுபிடிக்க டீச்சர் ஒன்பது சோதனையைக் கற்றுக்கொடுத்தார். கடைத்தெருக் கணக்கப்பிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தைதான். எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டவேண்டும். 2147483647க்கு 46, பிறகு 10, பிறகு 1. வகுத்த எண்ணையும் ஈவையும் அப்படியே சுருக்கிப் பெருக்கி, மீதியின் சுருக்கத்தைக் கூட்டினால் அதுவும் 1 ஆகவேண்டும். ஆகாவிட்டால் எங்கோ பிழை. தன் கணக்கைத் தானே சோதிப்பது கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வரிசையில் யாருக்கு யார் ஜோடியோ, அவரே நோட்டை வாங்கிப் பார்த்து ஓரத்தில் 'சரி' என்று எழுதவேண்டும்.

உயரமானவளுக்கு ஜோடி இல்லை. "உன் நோட்டை நான் பார்க்கிறேன்" என்றார் டீச்சர்.

கண்காட்சி நாளும் வந்தது. நான்கு சார்ட்டுகளை ஒட்டி, 31 பத்திகளில் எங்கள் மீதிகளை எல்லாம் கறுப்பு மையில் எழுதியிருந்தோம். ஒரு பத்தியிலும் பூஜ்ஜியம் இல்லை. பக்கத்தில் ஒரு மேசையில் புளியங்கொட்டை. கூட்டம் என்னவோ எரிமலைக்குத்தான். ஆனாலும் பெற்றோர் பலர் வந்து பார்த்தார்கள். "இது பகா எண்ணாக இருந்து யாருக்கு என்ன பயன்?" என்று ஒருவர் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. டீச்சர்தான் சொன்னார்: நம் பக்கத்து ஊரான கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார், ஆலைகளும் கல்லூரிகளும் நடத்தியவர், 1950இல் சென்னையில் இராமானுஜன் பெயரால் கணித ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் வைத்தார். ஆக்ஸ்போர்டில் ஹார்டியோடு பணியாற்றிய டி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். செட்டியார் 1957இல் காலமானபின் அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. "பயன் என்ன என்று அவர் கேட்டிருந்தால் அந்த நிலையம் இருந்திருக்காது" என்றார் டீச்சர். கேட்டவர் நகரத்தார் வீட்டுப் பெரியவர். ஒன்றும் பேசாமல் சார்ட்டின் முன்னால் போய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

சிஸ்டரும் தம் பங்குக்கு ஒன்று சொன்னார். 6 செவ்விய எண், அதன் காரணிகளான 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 6ஏ வரும், ஆதலால்தான் ஆண்டவர் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று புனித அகுஸ்தீனார் எழுதியிருக்கிறாராம். டீச்சர் உடனே, ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணிலிருந்தும் ஒரு செவ்விய எண் பிறக்கும், நம் எண்ணிலிருந்து பிறப்பது 2305843008139952128 என்று பலகையில் எழுதினார். 1811இல் பார்லோ என்ற ஆங்கிலேயர், இந்தச் செவ்விய எண்ணைவிடப் பெரிதை யாரும் ஒருபோதும் தேடப்போவதில்லை, பயனில்லாத வேலை என்று எழுதிவைத்தார். நல்லவேளையாக அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் உயரமானவள் பள்ளியை விட்டுப் போய்விட்டாள். வீட்டார் ஊரை விட்டே போகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. மற்ற முப்பது பேர் பிளஸ் டூ முடித்தோம். (முப்பதாகிவிட்ட எங்களை எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்த முடிந்ததில் டிரில் டீச்சருக்குப் பரம திருப்தி.) சிலர் கல்லூரிக்குப் போனோம், பலர் கல்யாணமாகிப் போனோம். இருவர் காலமாகிவிட்டார்கள். இருப்பது 29 பேர். 29உம் பகா எண்தான். 29, 31 போல இரண்டே வித்தியாசத்தில் வருபவற்றை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள்.

அந்தப் பெரிய எண்ணை நாங்கள் மறந்தாலும் அது எங்களை மறக்கவில்லை. எங்களுள் ஒருத்தி வங்கியில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒருநாள் திரையில் 2147483647 என்று வந்து நின்றது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டதாகச் சொல்கிறாள். பழைய கணினிகளில் ஓர் எண்ணை வைக்க 32 இடங்கள் உண்டு. ஓர் இடம் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விட்டால் மிச்சம் 31. அந்த 31 இடங்களும் நிரம்பினால் வருவது எங்கள் எண், அதற்குமேல் போக இடமில்லை. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் அத்தகைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று அந்த இடம் தீர்ந்துவிடும். நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 நொடி. நீங்கள் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புகிற நேரம்! அதற்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடவேண்டும் என்று பலரும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பயன் என்ன என்று கேட்ட பெரியவருக்கு இதையும் சொல்லியிருக்கலாம். நாம் கைப்பேசியில் பணம் அனுப்பும்போது அந்த இரகசியத்தைக் காப்பதற்கும் பெரும் பகா எண்களே துணை நிற்கின்றன.

இனி 2025 ஜனவரி. எங்கள் வகுப்பு ஒன்றுகூடியது. பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் 22 பேர். உயரமானவளை ஒருவழியாகக் கண்டுபிடித்து அழைத்திருந்தோம். இப்போது கொஞ்சம் கூனல் விழுந்து எங்கள் உயரத்துக்கு வந்துவிட்டாள். டீச்சர் இல்லை. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

சாப்பாட்டுக்குப் பின் வங்கிக்காரிதான் பேச்சை எடுத்தாள். 2024 அக்டோபரில் ஒரு புதிய பகா எண்ணை அறிவித்தார்கள்: 2இன் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. லூக் டூரண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. அதில் 41024320 இலக்கங்கள். பக்கத்துக்கு 3000 இலக்கம் அச்சிட்டாலும் பதின்மூவாயிரம் பக்கத்துக்கு மேல் போகும். எங்கள் எண்ணின் குடும்பம்தான். எங்களுடையது அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் 8ஆவது, இது 52ஆவது. "ஒரு கணினி கண்டுபிடித்ததும் அறிவித்துவிடமாட்டார்கள். வேறு கணினிகளில் வேறு நிரல்களை வைத்துச் சோதித்து ஒத்துவந்த பிறகுதான் அறிவிப்பார்கள். நம் டீச்சர் சொன்ன அதே சட்டம். தன் கணக்கைத் தானே சோதிக்கக்கூடாது" என்று பெருமையாகச் சொன்னாள்.

உயரமானவள் எழுந்து நின்றாள். "என் பத்தியை யாரும் சோதிக்கவில்லை. அது பொய்" என்றாள்.

முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னாள். கண்காட்சிக்கு முந்திய வாரம் அவர்கள் வீட்டில் பாகப்பிரிவினை. பர்மாத் தேக்கும் வளவும் இரண்டாம் கட்டுமாக ஐயா கட்டிய வீடு, ஐந்து பங்கு. பங்காளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எழுத்து அழகாக இருக்கும் என்று சாமான் பட்டியல் எழுதும் வேலை அவளுக்கு வந்தது. அறை அறையாகப் பூட்டைத் திறந்து, வெள்ளிச் சாமான், பித்தளை, மங்குச் சாமான், இரும்புப் பெட்டி என்று அப்பச்சி சொல்லச் சொல்ல மூன்று இரவும் எழுதினாள். ஒவ்வொன்றையும் ஐந்தால் வகுத்து, மீதிக்குச் சீட்டுப் போட்டார்கள். அண்டாக்கள் பதின்மூன்று இருந்தன. ஆளுக்கு இரண்டு போக மூன்றுக்குச் சீட்டு. தன் கல்யாணத்தில் வந்த அண்டா சீட்டில் வேறு பங்குக்குப் போனதைப் பார்த்து அப்பத்தா முகப்பில் போய் உட்கார்ந்துகொண்டார், உள்ளே வரவேயில்லை. அதை விட்டுவிட்டு நோட்டை எடுத்து வகுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான்காம் நாள் காலை, பள்ளிக்கு வரும் வழியில், ஆறு மீதிகளைத் தானாக எழுதிவிட்டாள். "வகுக்கும் எண்ணைவிடச் சின்னதாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்" என்றாள். டீச்சர் நோட்டைக் கேட்டார். வீட்டில் வைத்துவிட்டேன் என்றதும், "உன் கணக்கில் தப்பு வராது" என்று சொல்லிச் சார்ட்டில் எழுதச் சொல்லிவிட்டார்.

"அந்த வார்த்தைதான்" என்றாள். மேலே பேசவில்லை.

எங்களுள் பலரும் ஒரே சமயத்தில் சமாதானம் சொன்னோம். ஆய்லர் 1772இலேயே முடித்துவிட்ட கணக்கு, உன் ஆறு எண்ணால் என்ன குறைந்துவிட்டது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தியின் மகள் கூட வந்திருந்தாள். பொறியியல் படிப்பவள். கைப்பேசியில் எண்ணைத் தட்டியதும் கண் இமைக்கும் நேரத்தில் 'பகா எண்' என்று வந்துவிட்டது. எந்த எண்ணையும் ஊகமின்றி, நியாயமான காலத்துக்குள், பகா எண்ணா என்று தீர்மானிக்கும் முறையை 2002இல் கண்டவர்கள் நம் நாட்டவர்களே என்றும் அந்தப் பெண் சொன்னாள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்ற இரு மாணவர்களும். எங்களுக்குக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

உயரமானவள் தலையை அசைத்தாள். "எண் பகா எண் என்பது எனக்கும் தெரியும். நாம் முப்பத்தொரு பேர் வகுத்துப் பார்த்தோம் என்றுதானே சார்ட்டில் எழுதினோம்?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவள் சொன்னது சரி. 372 எண்களில் ஒன்றை விட்டாலும் நாங்கள் மெய்ப்பித்ததாக ஆகாது. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் வகுப்பு ஒரு கணக்கை முடிக்காமலே முடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சிஸ்டரிடம் போய்க் காகிதம் கேட்டோம். ஒரு கணக்கு நோட்டே கொடுத்தார். பதிவேட்டில் அவள் 19ஆவது. அவளுக்கு வந்த பன்னிரண்டு எண்கள் 27033 முதல் 28335 வரை. 3, 5 ஆகியவற்றின் மடங்குகளை அடித்ததும் மிஞ்சியவை ஆறு: 27281, 27343, 27529, 27839, 28087, 28273. கைப்பேசியை யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டோம். மூக்குக்கண்ணாடிகள் வெளியே வந்தன. ஐந்து எண்களை ஐந்து குழுவாக எடுத்துக்கொண்டோம், ஆறாவதை அவளிடம் விட்டோம்.

வகுத்தலே மறந்துபோயிருந்தது! 27281க்கு ஈவு 78717, மீதி 5170 என்று முடிக்க ஒரு குழுவுக்கு அரை மணி ஆயிற்று. 27343க்கு மீதி 19113. 27529ஐ எடுத்த குழு, ஈவு 788, மீதி 1415 என்றது. ஒன்பது சோதனையிலும் தேறிவிட்டது. உயரமானவள் தன் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஈவு ஐந்து இலக்கம் வரவேண்டும். நடுவில் இரண்டு பூஜ்ஜியத்தை விழுங்கிவிட்டீர்கள்" என்றாள். ஆமாம், 78008. இலக்கங்களைக் கூட்டும்போது பூஜ்ஜியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானே, சோதனைக்கு எப்படித் தெரியும்! தங்கைகளே, ஒன்பது சோதனையை முழுதும் நம்பிவிடாதீர்கள். 27839க்கு மீதி 11026, 28087க்கு 7801.

அவள் மட்டும் மெதுவாக எழுதிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்து, சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்தது. 28273க்கு ஈவு 75955, மீதி 7932 என்று அடிக்கோடிட்டாள். பிறகு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

தன் வரிசை ஜோடியை இழந்தவள் ஒருத்தி அன்று வந்திருந்தாள். அவள்தான் எழுந்து போய் நோட்டை வாங்கினாள். வாய்விட்டுக் கூட்டினாள். 28273க்கு 22, அப்புறம் 4. 75955க்கு 31, அப்புறம் 4. நாலு நாலு பதினாறு, அது 7. மீதி 7932க்கு 21, அது 3. ஏழும் மூன்றும் பத்து, 1. ஈவில் எத்தனை இலக்கம் என்றும் எண்ணினாள், ஐந்து. பக்கத்தின் ஓரத்தில், சிவப்பு மை கிடைக்காததால் நீல மையில், 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.